ஒரு சுற்று அதிகம்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுகிறேன். இங்கே நான் சௌக்கியம். முழங்கையில் கொஞ்சம் தோல் உரிந்திருக்கிறது, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. நீ எப்படி இருக்கிறாய், அப்பாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று எழுது.

ஜெயித்துவிட்டேன். நாற்பது சுற்றுப் போட்டி, பதினெட்டுப் பேர். மரப்பலகை டிராக், வளைவில் சுவர் மாதிரிச் சரிந்து நிற்கும், சைக்கிளில் பிரேக் கிடையாது. எத்தனை தடவை சொன்னாலும் மறந்துவிட்டு, “பிரேக் இல்லாத வண்டிய எவன்டி உனக்குக் குடுத்தான்” என்று கேட்பாய் என்பதால் மறுபடி சொல்கிறேன். எல்லோரையும் பின்னால் தள்ளிவிட்டுக் கோட்டைத் தாண்டினேன். தாண்டிய பிறகும் நிறுத்தவில்லை. இன்னும் ஒரு சுற்று, அதே வேகத்தில், தலையைக் குனிந்துகொண்டு அடித்தேன். மற்றவர்கள் வேகம் தணிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, நான் ஒருத்தி மட்டும் பறந்துகொண்டிருந்தேன். கூட்டம் அப்படியே எழுந்து நின்றுவிட்டது. மறுநாள் பத்திரிகையில் ‘ஜெயித்தது போதவில்லையாம் இவளுக்கு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். வெட்டி வைத்திருக்கிறேன்.

இனிமேல் ஞாயிற்றுக்கிழமை போன் வேண்டாம், கடிதமே எழுதுகிறேன். விடுதி வராந்தாவில் போனுக்கு முன்னால் எப்போதும் ஏழு பேர் நிற்கிறார்கள், மனம்விட்டுப் பேச முடிவதில்லை. நீயும் எழுது. நீளமாக எழுது.

உன்,
வாலு


ஜனவரி 25

என் வாலுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதினால் அது பொய். அப்பாவின் முட்டி மழை முடியும்வரை படுத்தியெடுத்துவிட்டு இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது. எனக்கு வறட்டு இருமல். பல் அச்சுக்கான பிளாஸ்டர் தூசியில் பிழைப்பு நடத்துகிறவளுக்கு வேறென்ன வரும்? நீ நன்றாக இருந்தால் சரி.

பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டரைக்கூட என் தலையில் கட்டியவள் நீ. உனக்குத் திடீரென்று கடிதம் எழுதும் ஆசை எங்கிருந்து வந்தது? மனம்விட்டு என்கிறாய், கடிதத்தில் மனம் எங்கே இருக்கிறது என்று நானும் தேடித் தேடிப் பார்த்தேன். முழுக்க உன் வீரப் பிரதாபம்தான் இருக்கிறது.

அந்தக் கூடுதல் சுற்றை டிவியில் பார்த்தோம். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து, முட்டிவலி ஞாபகம் வந்து, மறுபடி உட்கார்ந்தார். “பாத்தியா, பாத்தியா, என் பொண்ணு நிக்கமாட்டா!” என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை, சொல்லிவிடுகிறேன். தோற்றவர்கள் மூச்சிரைத்துக்கொண்டு நிற்கும்போது அவர்கள் மூக்குக்கு முன்னால் இன்னொரு சுற்று அடிப்பது திமிர். உன்னை அப்படி நான் வளர்க்கவில்லை. ஆனால் இதை நான் கிளினிக்கில் சொல்ல முடியவில்லை. பல் செட் பொருத்த வந்த ஒருவர், வாயில் மெழுகு அச்சை வைத்துக்கொண்டே உன் புகழ் பாடினார். கடிக்கச் சொன்னால் பேசுகிறார், பேசிப் பார்க்கச் சொன்னால் உன்னைப் பற்றியே பேசுகிறார். அச்சு இரண்டு முறை கெட்டுப்போனது.

போன ஞாயிறு விடுதிக்குப் போன் போட்டேன். யாரோ ஒரு பெண் எடுத்து, “அவங்க போனுக்கு வரமாட்டாங்களாம்” என்றாள். வரமாட்டாயாமே? பெரிய மனுஷி ஆகிவிட்டாய். பரவாயில்லை, வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 7

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் இருமலுக்கு வெந்நீர் குடி, முகத்தில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்.

திமிர் என்று நீ எழுதினாய். இங்கே எல்லோரும் அதைத்தான் கொண்டாடுகிறார்கள். போன வாரம் இரண்டு பேர் போட்டியில் நான் மூன்று தடவை திரும்பிப் பார்த்தேனாம். எதிராளியை இளக்காரமாகப் பார்க்கிற அந்தப் பார்வையைப் படமெடுத்து ஒரு காலணிக் கம்பெனி சுவர் சுவராக ஒட்டியிருக்கிறது. பஸ் நிறுத்தத்தில் என் முகம் ஆளுயரத்துக்கு இருக்கிறது. பயிற்சி பார்க்க வருகிற பெண்பிள்ளைகள் நடக்கும்போதே தோளுக்கு மேல் திரும்பி முறைத்துப் பழகுகிறார்கள். நிருபர்கள் கூப்பிட்டால் நான் நிற்பதில்லையாம், அதற்கும் ஒரு பட்டம் கொடுத்திருக்கிறார்கள்: ‘பதில் சொல்லாத ராணி’.

வருடாந்திர உடல் பரிசோதனை முடிந்தது. இதயம், நுரையீரல், கண், காது எல்லாவற்றுக்கும் டாக்டர் டிக் போட்டுவிட்டார். போட்டி உரிமம் இன்னும் ஒரு வருஷத்துக்குச் செல்லும்.

சுண்டெலி என்று ஒரு பெண் புதிதாக வந்திருக்கிறாள். ஆள் என் தோள் உயரம்தான், ஆனால் தொடை இரண்டும் இரும்பு. அவளை மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டும், மற்றவர்கள் ஒரு பொருட்டில்லை. அப்பாவுக்கு என் வணக்கம்.

வாலு


பிப்ரவரி 21

வாலு,

அப்பாவும் நானும் நலம். அதை முதலிலேயே எழுதிவிட்டேன், ஏனென்றால் மற்றதை எழுத எனக்குக் கை வரவில்லை.

நேற்று உன் பேட்டியை டிவியில் போட்டார்கள். நிருபர் கேட்டார், “இந்த வெற்றிக்கு யார் காரணம்னு நினைக்கிறீங்க?” நீ சொன்னாய், “பின்சக்கரத்துல பதினாலு பல்லு.” அரங்கமே சிரித்தது. அப்பா தொடையைத் தட்டினார், “யாருக்கும் நன்றி சொல்லமாட்டா பாரு!” என்று. நான் சிரிக்கவில்லை.

நான் நாள் முழுக்க வாய்களைப் பார்த்துப் பிழைக்கிறவள். ஒரு பல் செட் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று உதட்டைப் பார்த்தே சொல்வேன். நீ அந்த நிருபரின் கண்ணைப் பார்க்கவில்லை, உதட்டைப் பார்த்தாய். அவருக்கு அடர்ந்த மீசை. பாவம், உனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. சைக்கிள் பல்சக்கரத்தில் எத்தனை பல் என்று வழக்கமாக எல்லோரும் கேட்கிற கேள்வியாக இருக்கும் என்று குருட்டாம்போக்கில் அடித்துவிட்டாய்.

போன் வேண்டாம் என்றாய். கூப்பிட்டால் நிற்பதில்லை என்றாய். மூன்று தடவை திரும்பிப் பார்த்தேன் என்றாய். இதையெல்லாம் தனித்தனியாகப் படித்தபோது எனக்கு உறைக்கவில்லை.

நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் எழுது. உனக்குக் காது கேட்கிறதா?

அக்கா


மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. டிராக்கின் கூரைத் தகடு சூடாகி உள்ளே வெந்துகொண்டிருக்கிறோம். புது டயர் வந்திருக்கிறது, பட்டுப் போல இருக்கிறது. சாப்பாடு சுமார்.

ஏப்ரல் முதல் வாரத்தில் பெரிய போட்டி. டிவியில் காட்டுவார்கள், அப்பாவைப் பார்க்கச் சொல். மற்றதெல்லாம் எழுதலாம் என்றால் தாள் முடிந்துவிட்டது.

வாலு


ஏப்ரல் 8

வாலு,

தாள் முடியவில்லை. பாதிப் பக்கம் வெறுமையாக இருந்தது.

போட்டியைப் பார்த்தோம். சுண்டெலி விழுந்ததை மூன்று தடவை திரும்பத் திரும்பக் காட்டினார்கள். மூன்று தடவையும் நான் அவள் வாயை மட்டும் பார்த்தேன். உனக்கு மேல்பக்கமாக ஏறி வரும்போது, “வர்றேன், வர்றேன்!” என்று தொண்டை கிழியக் கத்தினாள். கடைசி வரிசைக்கே கேட்டிருக்கும். உன் தோளுக்கும் அவளுக்கும் ஒன்றரை அடி. நீ பாட்டுக்கு மேலே ஏறினாய். அவள் முன்சக்கரம் உன் பின்சக்கரத்தில் பட்டு, பலகையில் அப்படியே தேய்த்துக்கொண்டு போனாள். கழுத்துப்பட்டை எலும்பு முறிந்துவிட்டதாமே. முதுகெல்லாம் மரச்சிலாம்பு ஏறி, இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்களாமே.

நடுவர்கள் விபத்து என்று எழுதிவிட்டார்கள். பத்திரிகை உன் திமிர் என்று எழுதியது. இரண்டும் இல்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உன்னைத் தூக்கி வளர்த்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். இந்த மாதம் முடிவதற்குள் நீயே சைக்கிள் சம்மேளனத்தில் போய்ச் சொல். சொல்லாவிட்டால் நான் எழுதுவேன். சும்மா மிரட்டுகிறேன் என்று நினைத்துவிடாதே.

அப்பாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

அக்கா


ஏப்ரல் 14

அக்கா,

நலமா என்றெல்லாம் கேட்கப் போவதில்லை. உனக்கு வேண்டியதை மட்டும் எழுதுகிறேன்.

கேட்கவில்லை. போன ஆகஸ்டில் பயிற்சியின்போது விழுந்து தலை பலகையில் மோதியது. வலது காது அன்றைக்கே போய்விட்டது. இடது காது நாளுக்கு நாள் போய்க்கொண்டிருக்கிறது. பக்கத்தில் வந்து கத்தினால் ஏதோ முனகல் மாதிரி விழும். நல்ல டாக்டர்கள் இரண்டு பேரைப் பார்த்துவிட்டேன், இரண்டு பேரும் ஒரே மாதிரி உதட்டைப் பிதுக்கினார்கள்.

அந்தக் கூடுதல் சுற்று திமிரில்லை. கடைசிச் சுற்றுக்கு மணி அடிப்பார்கள், எனக்கு அது விழவில்லை. இன்னும் ஒரு சுற்று மிச்சமிருக்கிறது என்று நினைத்து உயிரைக் கொடுத்து மிதித்தேன். முடித்துவிட்டு நிமிர்ந்தால் கூட்டம் எழுந்து நிற்கிறது. என்ன செய்யச் சொல்கிறாய்? வேண்டுமென்றே செய்தது போலக் கையைத் தூக்கினேன். திரும்பித் திரும்பிப் பார்ப்பது இளக்காரமில்லை. பின்னால் வருகிறவளின் டயர் சத்தம் எல்லோருக்கும் கேட்கும், எனக்குக் கேட்காது, அதனால் பார்க்கிறேன். நிருபர்கள் கூப்பிடுவது தெரியாது, அதனால் நிற்பதில்லை. ஊரே கொண்டாடுகிற என் திமிரில் பாதி செவிடு, அக்கா.

பரிசோதனையில் எப்படித் தேறினேன் என்று கேட்பாய். சத்தம் வரும்போது கையைத் தூக்க வேண்டும். டாக்டர் பொத்தானை அழுத்துவது எதிரே இருந்த கண்ணாடி அலமாரியில் தெரிந்தது. அவர் விரலைப் பார்த்துப் பார்த்துத் தூக்கினேன்.

ஆனால் ஒன்று. இந்த எட்டு மாதத்தில் ஐந்து பட்டம் ஜெயித்திருக்கிறேன். காதால் ஜெயிக்கவில்லை, காலால் ஜெயித்தேன். அதை எவனும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. சொன்னால் மறுநாளே உரிமத்தைப் பிடுங்குவார்கள். ஒன்பது வயதிலிருந்து நான் வேறொன்றும் கற்றுக்கொள்ளவில்லை. இதை எடுத்துவிட்டால் நான் யார்?

எழுதுவதானால் எழுது. எழுதினால் எனக்கு அக்கா என்று யாரும் கிடையாது.


மே 19

வாலு,

ஒரு மாதமாக உன் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. உன்னை நினைத்துத்தான் தூக்கம் பிடிக்கவில்லை.

சம்மேளனத்துக்கு எழுதினேன். மூன்று பக்கம். உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி, தபால்பெட்டி வரைக்கும் போனேன். அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டேன். நீ மிரட்டியதற்குப் பயந்து இல்லை. நான் போட்டுக் கொடுத்து நீ மாட்டினால் திருடி மாதிரி நிற்பாய். நீ திருடி இல்லை.

போன வாரம் ஒரு அம்மாள் வந்திருந்தார். ஆறு மாதத்துக்கு முன்னால் நான்தான் அவருக்குப் பல் செட் செய்தேன். நிறம், வரிசை, ஒரு பல்லில் லேசான கோணல் எல்லாம் வைத்து, நானே பார்த்தாலும் சொந்தப் பல் என்றுதான் சொல்வேன். அந்த அம்மாள் இன்னும் கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறார். “யாராச்சும் கண்டுபிடிச்சிட்டா?” என்கிறார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “கண்டுபிடிச்சா என்னம்மா? பல்லு கடிக்குதா இல்லையா?” என்று கேட்டுவிட்டேன். டாக்டர் என்னை முறைத்தார். எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது.

நீ சிரிப்பதற்கு முன்னால் கையைத் தூக்குகிற ஆளா? சின்ன வயதில் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு, “நான்தான் உடைச்சேன், இப்ப என்ன?” என்று நடுவீட்டில் நின்றவள் நீ. அந்த வாலு எங்கே போனாள்? அலமாரிக் கண்ணாடியில் யாரோ ஒருவர் விரலைப் பார்த்துக் கையைத் தூக்குகிறவளை எனக்குத் தெரியாது.

சுண்டெலியைப் போய்ப் பார்த்தாயா? அதை மட்டுமாவது எழுது.

அக்கா


ஜூன் 10

என் அன்பான அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இதை இந்த வருஷத்தில் முதல் தடவையாக உண்மையாக எழுதுகிறேன். நீ தூங்கு.

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம், பிறகு அழுகை, பிறகு மறுபடி கோபம். அந்தக் கோபத்தோடேயே சுண்டெலி வீட்டுக்குப் போனேன். தோளில் கட்டுப் போட்டு, ஜன்னலோரம் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள், ஒற்றைக் கையால். எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த பட்டாணியை உரித்து முடித்தாள். பிறகு என் நோட்டை வாங்கி எழுதினாள்: “அப்ப நீ என்னை வேணும்னு தள்ளலையா?” இல்லை என்றேன். முகம் தொங்கிப்போய்விட்டது. “எனக்குப் பயந்து நீ தள்ளிட்டன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேனே!” என்று எழுதி, கீழே இரண்டு கோடு வேறு போட்டாள். நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்து, எலும்பு வலித்து, என்னைத் திட்டினாள். மன்னிப்புக் கேட்டேன். அதற்கு மட்டும் பதில் எழுதவில்லை, பட்டாணிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

மறுநாள் சம்மேளனம். செயலாளர் நாற்காலியைச் சுழற்றிச் சுழற்றி யோசித்தார். அவர் பயம் என் காதைப் பற்றி இல்லை, அவர்கள் டாக்டர் டிக் போட்ட காகிதத்தைப் பற்றி. கடைசியில் ஒரு தாளில் அழகாக எழுதி நீட்டினார்: ‘சொந்தக் காரணங்களுக்காக ஓய்வு. பாராட்டு விழா. அரங்கத்தின் வடக்கு வாசலுக்கு உங்கள் பெயர். இந்த விஷயம் நம் நாலு சுவருக்குள் இருக்கட்டும்.’

செத்தவர்கள் பெயரைத்தான் வாசலுக்கு வைப்பார்கள் என்று சொன்னேன். டாக்டரை ஏமாற்றியது என் தப்பு, அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். கூட்டமாக ஓட்டுகிற போட்டியில் இனி இறங்கமாட்டேன், ஒருத்தி எலும்பு போதும். ஆனால் இரண்டு பேர் மட்டும் ஓட்டுகிற போட்டியை விடமாட்டேன். மணிக்குப் பதில் ஒரு விளக்கு வையுங்கள், துப்பாக்கிக்குப் பதில் கொடி. விளக்கு வாங்க வழியில்லை என்றால் சொல்லுங்கள், எங்கள் வீட்டிலிருந்து கொண்டுவருகிறேன்.

முடியாது என்று தலையாட்டினார். நான் நேராக வாசலுக்கு வந்து, அங்கே நின்ற நிருபர்களைக் கூப்பிட்டேன். அவர்கள் நம்பவில்லை, ‘பதில் சொல்லாத ராணி’ கூப்பிடுகிறாளே என்று. ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுத்து, “கேள்விய எழுதிக் குடுங்க. எனக்குக் காது கேக்காது. இத்தன நாளா மறைச்சேன், இனிமே மறைக்கமாட்டேன்” என்றேன். அந்த மீசைக்காரரும் இருந்தார். மீசையை எடுக்கச் சொன்னேன்.

அப்பாவிடம் நீ சொல்லிவிடு. எனக்குத் தைரியம் இவ்வளவுதான்.

உன்,
வாலு


ஜூன் 20

என் தங்கத்துக்கு,

எல்லோரும் நலம், இந்தத் தடவை நிஜமாகவே. இருமலும் நின்றுவிட்டது.

அப்பாவிடம் சொல்வதற்கு இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன். அதுவரை பத்திரிகையையும் டிவி ரிமோட்டையும் ஒளித்து வைத்திருந்தேன். மூன்றாம் நாள் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, “அப்பா, வாலுக்குக் காது கேக்காது” என்று போட்டு உடைத்தேன். டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, “அவ என்னிக்கு யார் சொன்னதக் கேட்டிருக்கா?” என்றார். சொல்லிவிட்டு, துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நான் கிளினிக்குக்குக் கிளம்பும்வரை எடுக்கவில்லை.

சாயங்காலம் வந்தால், டிவி சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து வைத்துவிட்டு, செய்தி வாசிக்கிறவரின் வாயை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். “ஒரு எழவும் புரியல. இத வச்சுக்கிட்டா அவ அஞ்சு பட்டம் வாங்கினா?” என்றார். உன் கூடுதல் சுற்றைவிட அவருக்கு இப்போது இதுதான் பெருமை.

இன்னொன்று எழுத வேண்டும். உன்னைத் திமிர் பிடித்தவள் என்று எழுதினேன். நான் வளர்த்த பிள்ளையைப் பற்றி ஊர் சொன்னதை நானும் நம்பிவிட்டேன். அது என்னை அறுக்கிறது.

அக்கா


ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ அதை நினைத்து உருகாதே. ஆரம்பத்தில் அது திமிரில்லைதான். ஆனால் ஊர் அவ்வளவு ஆசையாகப் போட்டுவிட்ட சட்டையைப் போட்டுப் பார்த்தேன், அளவாகவே இருக்கிறது. இனி கழற்றமாட்டேன்.

பத்திரிகையில் தினமும் வந்ததும் சம்மேளனம் இறங்கி வந்தது. இரண்டு மாதத் தடை, அது எனக்குச் சேர வேண்டியதுதான். அதன் பிறகு இருவர் போட்டி மட்டும், விளக்கும் கொடியும் உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை: எதிர்த்து ஓட்டுகிறவள் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஒருத்தியும் போடவில்லை. பயம் என்கிறார்களா, அதுவுமில்லை. ஒருத்தி உண்மையைச் சொன்னாள்: “ஜெயிச்சா செவிடிய ஜெயிச்சா பாருன்னு சொல்வாங்க. தோத்தா செவிடிகிட்ட தோத்தா பாருன்னு சொல்வாங்க. எனக்கு எதுக்கு வம்பு?” நியாயமாகத்தான் இருந்தது, அதனால்தான் இன்னும் எரிச்சல்.

இதைவிடப் பெரிய தொல்லை கூட்டம். முன்பு என்னைப் பார்த்தால் விசிலடிப்பார்கள், சண்டைக்கு வருவார்கள். இப்போது கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். பயிற்சிக்குப் போனால் பூங்கொத்து. முன்பின் தெரியாதவர்கள் என் தலையைத் தடவுகிறார்கள். காலணிக் கம்பெனிக்காரன் என் முறைக்கிற படத்தை எடுத்துவிட்டு, நான் வானத்தைப் பார்த்துக் கண்மூடி நிற்கிற மாதிரி ஒன்று ஒட்டியிருக்கிறான். அப்படி நான் ஒரு நாளும் நின்றதில்லை, எங்கே பிடித்தான் என்றே தெரியவில்லை. பஸ் நிறுத்தத்தில் இருந்ததை நகத்தாலேயே சுரண்டிக் கிழித்தேன். பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், “பாவம், மனசு சரியில்ல” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அதை மட்டும் என்னால் தெளிவாகப் படிக்க முடிந்தது. எங்கே போனாலும் இந்த ஒரு வார்த்தைதான், அக்கா. தோற்கடித்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன். இது என்னை உயிரோடு வாசலுக்குப் பெயராக்குகிறது.

நேற்று சுண்டெலி விடுதிக்கு வந்தாள். எலும்பு கூடிவிட்டது, கையைச் சுழற்றிக் காட்டினாள். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு என் மேசையில் அறைந்தாள். நோட்டில் எழுதினாள்: “எலும்ப உடைச்சவள சும்மா ரிட்டயர் ஆக விட்டுடுவேனா?”

செப்டம்பர் 14. அப்பாவைக் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்.

வாலு


செப்டம்பர் 15

என் அக்காவுக்கு,

எல்லோரும் நலம்தானே? டிவியில் பார்த்திருப்பாய். பார்த்தாலும் நான் சொல்லாமல் விடமாட்டேன்.

அரங்கம் நிரம்பி வழிந்தது. நான் உள்ளே வந்ததும் எல்லோரும் கையைத் தலைக்கு மேல் தூக்கி விரல்களை ஆட்டினார்கள். செவிடர்களுக்குக் கைதட்டுவது அப்படித்தானாம், யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அங்கேயே திரும்பிப் போய்விடலாம் போல இருந்தது.

மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும். முதல் ஓட்டத்தில் ஜெயித்தேன். கடைசி வளைவு முடிந்து நேராக வருகிற இடத்தில் சுண்டெலி மிதிப்பதைத் தளர்த்தினாள். மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது, எனக்குத் தெரியும், அவள் தொடையை நான் அளந்து வைத்திருக்கிறேன். கூட்டம் அழுதது. நான் இறங்கி நேராக அவள் நாற்காலிக்குப் போய், “நீயுமா? விட்டுக் கொடுக்கறதுக்கா கையெழுத்துப் போட்ட?” என்று கத்தினேன். எவ்வளவு சத்தமாகக் கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. கோச் ஓடி வந்தார். சுண்டெலி முகம் சிவந்து போனது.

இரண்டாவது ஓட்டத்தில் என்னைத் துவைத்துக் காயப்போட்டாள். ஒரு சைக்கிள் நீளம் வித்தியாசம். கோட்டைத் தாண்டி என்னைப் பார்த்து, போதுமா என்று தலையை ஆட்டினாள். போதும் போதும் என்று இருந்தது எனக்கு, அவ்வளவு சந்தோஷம். இப்போதுதான் போட்டி.

மூன்றாவது. சீட்டுக் குலுக்கியதில் நான் முன்னால் போக வேண்டும் என்று வந்தது. இருவர் போட்டியில் கடைசிப் பாய்ச்சல்வரை யாரும் வேகம் எடுப்பதில்லை, நானும் மெதுவாக உருட்டினேன். பின்னால் அவள் இருக்கிறாள் என்பது பலகையின் அதிர்விலேயே கைப்பிடிக்கு வந்துவிடுகிறது, விளக்கு வெளிச்சத்தில் நிழலும் என் சக்கரத்துக்கு முன்னால் விழுகிறது. காது போனபிறகு நான் கற்றுக்கொண்ட பாடம் இது, எந்தக் கோச்சுக்கும் தெரியாது. வளைவில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறினேன். அவளும் ஏறினாள். டிராக்கின் மேல் விளிம்பில் இருக்கிற கம்பி வரைக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு போய், அங்கே சைக்கிளை அப்படியே நிறுத்திவிட்டேன். கால் ஊன்றாமல், அசையாமல். அவளுக்கு வலதுபக்கம் கம்பி, இடதுபக்கம் நான், போக இடமில்லை. இடிக்கவில்லை, தொடவில்லை, சட்டத்தில் ஒரு எழுத்தையும் மீறவில்லை. ஆனால் அசிங்கமான வேலை, ஒத்துக்கொள்கிறேன். எலும்பு கூடி வந்தவளைக் கம்பியோரம் நெருக்கி, இருபது நொடி அப்படியே நிற்கவைத்தேன். அவள் சக்கரம் நடுங்க ஆரம்பித்ததும் கீழே பாய்ந்தேன். கடைசிச் சுற்று விளக்கு எரிந்தபோது எனக்கும் அவளுக்கும் நடுவில் மூன்று சைக்கிள் நீளம். பிசாசு மாதிரி துரத்தி வந்தாள். அரைச் சக்கர வித்தியாசத்தில் ஜெயித்தேன். செல்லும் என்று நடுவர் வெள்ளைக் கொடியைத் தூக்கினார்.

நிமிர்ந்து பார்த்தேன். ஒரு விரலும் ஆடவில்லை. முதலில் எனக்குப் புரியவில்லை. வரிசை வரிசையாகக் கைகள் வாயைச் சுற்றிக் குவிந்திருந்தன. உதடுகள் முன்னால் நீண்டு வட்டமாக இருந்தன. கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. பிறகு உறைத்தது. ஊளையிடுகிறார்கள், அக்கா! மூன்று மாதமாக என்னைப் பார்த்து மூக்கைச் சிந்திய அதே கூட்டம். எனக்கென்று பூங்கொத்து கொண்டுவந்திருந்த ஒரு அம்மாள், அதை என்னை நோக்கி ஆட்டி ஆட்டித் திட்டினார். சுண்டெலி பக்கத்தில் வந்து ஒரே ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். அதைப் படிக்க எனக்குப் பயிற்சி தேவைப்படவில்லை.

அந்த அரங்கத்தில் ஒருத்தர்கூட என்னைப் பாவம் பார்க்கவில்லை. நான் கைப்பிடியை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். இரண்டு கையையும் காதோரம் குவித்து, “கேக்கல! இன்னும் சத்தமா!” என்று அவர்களைப் பார்த்துக் கத்தினேன்.

போட்டார்கள் பார், சத்தம். பலகையெல்லாம் அதிர்ந்தது.

உன்,
வாலு